மங்கும் பசி, ஏமாற்றும் எடை: அளவு மீறிய பயிற்சி மூளையில் என்ன செய்கிறது

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் ஒரே போட்டியில் முடிக்கும் டிரையத்லான் வீரர்கள் 37 பேரைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வழக்கமான பயிற்சியைத் தொடர்ந்தது. மற்றொரு குழுவின் பயிற்சி மூன்று வாரங்களுக்குச் சராசரியாக 40 விழுக்காடு கூட்டப்பட்டது. கூடுதல் பயிற்சி பெற்றவர்கள் களைத்துப்போனதில் வியப்பில்லை. ஆய்வாளர்கள் தேடியதும் அதுவன்று. ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இப்போதே கிடைக்கும் சிறு தொகை வேண்டுமா, பொறுத்திருந்தால் கிடைக்கும் பெருந்தொகை வேண்டுமா என்று அவர்களிடம் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். களைத்திருந்த குழுவினர் உடனே கைக்கு வருவதையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், மூளையின் முன்பக்கத்தில் ஆசையைக் கட்டுப்படுத்தி நீண்டகாலப் பயனை எண்ணிப் பார்க்க உதவும் பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது. 2019-இல் 'கரண்ட் பயாலஜி' இதழில் வெளியான இந்த ஆய்வு, உடலை வருத்தும் பயிற்சியின் சோர்வு தசையோடு நிற்பதில்லை, முடிவெடுக்கும் உறுப்பையும் தொடுகிறது என்பதை நேரடியாகக் காட்டிய சில சான்றுகளில் ஒன்று. இதில் ஒரு முரணும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஓய்வெடுக்க வேண்டும் என்ற முடிவை எடுக்க வேண்டியவரும், அந்த முடிவெடுக்கும் திறன் மங்கியிருப்பவரும் ஒரே ஆள்.

மிகைப்பயிற்சி என்பதைப் பலரும் தசைகள் தாங்காத வேலை என்று மட்டுமே புரிந்துகொள்கிறார்கள். கடந்த நாற்பது ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டும் படம் வேறு. தசை பெரும்பாலும் சில நாள்களில் தேறிவிடுகிறது. தேறாமல் நிற்பது மூளையின் அடிப்பகுதியில் பாதாம் பருப்பளவே உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் கணக்கு. பசி, உடல் வெப்பம், தூக்கம், தைராய்டு, பாலியல் ஹார்மோன்கள், மன அழுத்த ஹார்மோன்கள் என அனைத்தும் அதன் பொறுப்பில் இருப்பதால், பயிற்சியில் தொடங்கிய சிக்கல் உணவுத் தட்டிலும் எடைக் கருவியிலும் படுக்கையறையிலும் வந்து வெளிப்படுகிறது.

முதலில் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்து களைத்துப்போவது நோயன்று. சில நாள்கள் திட்டமிட்டுச் சுமையைக் கூட்டி, பிறகு குறைத்து, முன்பைவிட மேலான நிலையை எட்டுவதுதான் பயிற்சியின் அடிப்படையே. ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது: சில நாள் ஓய்வில் தீர்ந்து முன்னேற்றமாக மாறும் களைப்பு, தீர வாரக்கணக்கில் ஆகும் பயனற்ற களைப்பு, மாதக்கணக்கில் நீடிக்கும் மிகைப்பயிற்சி நோய்க்குறி. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே எந்த இரத்தப் பரிசோதனையும் கோடு கிழித்துக் காட்டுவதில்லை. குணமாக எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை வைத்துப் பின்னோக்கித்தான் சொல்ல முடிகிறது. வேறு நோய்கள் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இந்தப் பெயரைச் சூட்ட வேண்டும் என்பதையும் அந்த அறிக்கை வற்புறுத்துகிறது. இந்தியாவில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கும் நாட்டில், ஓடும்போது மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபினைத்தான். தைராய்டு, சர்க்கரை, நீடித்த தொற்று ஆகியவற்றையும் விலக்கிய பின்னர் எஞ்சுவதே நம் பேச்சுக்குரியது.

ஹைப்போதலாமஸின் மீது முதலில் கைவைத்துக் காட்டியவர்கள் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள். மிகைப்பயிற்சியால் துவண்டிருந்த நான்கு மாரத்தான் ஓட்டக்காரர்களுக்கு இன்சுலின் செலுத்தி இரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தினார்கள். நலமான உடலில் இது ஓர் அபாயச் சங்கு. மூளை உடனே கட்டளையிட, மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் விரைந்து மேலேற வேண்டும். இந்த நால்வரிடம் அந்த ஏற்றம் மந்தமாக இருந்தது. ஹைப்போதலாமஸைத் தாண்டி, அதற்குக் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியை நேரடியாகத் தூண்டிப் பார்த்தபோது அது ஒழுங்காகப் பதிலளித்தது. ஆகவே கோளாறு கட்டளை பெறும் இடத்தில் இல்லை, கட்டளையிடும் இடத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். நான்கு வார ஓய்வுக்குப் பிறகு பதில் இயல்புக்குத் திரும்பியது. 1985-இல் வெளியான இந்த ஆய்வு மிகச் சிறியது. ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து பிரேசிலில், மிகைப்பயிற்சி நோய்க்குறி கொண்ட 14 விளையாட்டு வீரர்கள், நலமான 25 வீரர்கள், பயிற்சியே செய்யாத 12 பேர் ஆகியோரை ஒப்பிட்டு நடந்த ஆய்வும் ஏறத்தாழ இதே மந்தத்தைக் கண்டது.

'அட்ரீனல் சுரப்பி களைத்துப்போய்விட்டது' என்று சொல்லிப் பொடிகளும் மாத்திரைகளும் விற்கும் விளம்பரங்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது. சிறுநீரகங்களின் மேலிருந்து கார்ட்டிசாலைச் சுரக்கும் அந்தச் சுரப்பி களைக்கவில்லை, அதற்கு வரும் உத்தரவுதான் தணிந்திருக்கிறது. அதுபோலவே உடற்பயிற்சிக் கூடங்களில் டப்பா டப்பாவாக விற்கும் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களின் பின்னணியிலும் ஒரு மூளைக் கோட்பாடு உண்டு. நெடுநேரப் பயிற்சியில் இவ்வகை அமிலங்கள் இரத்தத்தில் குறைய, அவற்றோடு போட்டியிடும் டிரிப்டோஃபேன் என்ற இன்னொரு அமினோ அமிலம் மூளைக்குள் அதிகம் நுழைந்து, செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளாக மாறிச் சோர்வைத் தருகிறது என்று 1980-களில் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் எரிக் நியூஸ்ஹோம் முன்வைத்தார். அழகான கருத்துதான். ஆனால் அந்த அமிலங்களைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் செயல்திறன் சீராகக் கூடவில்லை. கோட்பாடு தளர்ந்த பிறகும் டப்பா விற்பனை தளரவில்லை.

மனநிலை மாற்றங்களைப் பொறுத்தவரை பழைய ஆய்வுகளே இன்றும் உறுதியாக நிற்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மார்கன் பத்தாண்டுகள் நீச்சல் வீரர்களின் மனநிலையைக் கேள்விப்பட்டியல் மூலம் அளந்துவந்தார். பயிற்சியின் தூரம் ஏற ஏறச் சோர்வும் எரிச்சலும் மனத்தளர்ச்சியும் படிப்படியாக ஏறின. போட்டிக்கு முன் தூரத்தைக் குறைத்ததும் இறங்கின. அளவுக்கேற்ற இந்த ஏற்றஇறக்கமே இங்கு முக்கியமானது. மனநிலைதான் முதலில் புரளும் கருவி. கால் தடுமாறுவதற்கு முன்பே அது தடுமாறிவிடுகிறது. பயிற்சியாளர்கள் இதை 'மனத்திண்மை போதவில்லை' என்று எடுத்துக்கொள்வதால் இழக்கும் வாரங்கள் அதிகம்.

இனி உணவுக்கு வருவோம். மிகைப்பயிற்சியைப் பற்றிய புரிதல் கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் திரும்பியது இந்த இடத்தில்தான். உண்ட ஆற்றலிலிருந்து பயிற்சியில் செலவானதைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு, அது உடலின் மற்ற வேலைகளுக்குப் போதுமா என்பதே கேள்வி. இதயம் துடிக்க, எலும்பு வளர, காயம் ஆற, மாதவிடாய் சுழற்சி நடக்க, உடல் சூடாக இருக்க எல்லாவற்றுக்கும் அந்த மிச்சம்தான். அமெரிக்காவின் ஒஹாயோவில் ஆன் லூக்ஸ் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு நீங்கலான உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கிலோ கலோரிக்குக் கீழே இந்த மிச்சம் இறங்கியபோது, ஐந்தே நாள்களில் பெண்களின் இனப்பெருக்க ஹார்மோன் துடிப்பு சீர்குலைந்தது. 45 கிலோ கலோரி இருந்தால் கணக்கு நேராகிறது. 30 என்பது எல்லோருக்கும் பொருந்தும் சுவர் அல்ல என்று பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆயினும் ஒரு மதிப்பீட்டுக்கு அது உதவும்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையும், அதில் கொழுப்பு நீங்கலாக 50 கிலோவும் கொண்ட ஒருவர் காலையில் 15 கிலோமீட்டர் ஓடுகிறார். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி என்ற பழைய கணக்கின்படி ஓட்டத்துக்கு மட்டும் 900 கிலோ கலோரி போகிறது. உடலின் மற்ற வேலைகள் தடையின்றி நடக்க, 50 கிலோவுக்குக் கிலோவொன்றுக்கு 45 வீதம் 2,250 வேண்டும். ஆக அன்றைய உணவு 3,150 கிலோ கலோரியைத் தொட வேண்டும். நடுத்தர இட்லி ஒன்றில் ஏறத்தாழ 50 கிலோ கலோரி இருக்கிறது. நான்கு இட்லியும் சட்னியும் சாம்பாரும் சேர்த்தாலும் ஓட்டச் செலவில் பாதியைத் தாண்டுவது அரிது. வயிறு நிறைந்துவிட்டது என்ற உணர்வு மட்டும் வந்துவிடும். நம் உணவில் அரிசியும் காய்கறியும் நீரும் மிகுதி என்பதால், வயிற்றை நிரப்பும் அளவுக்கு அதில் ஆற்றல் செறிந்திருப்பதில்லை. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது நன்மை. நாள்தோறும் இருவேளை பயிற்சி செய்யும் கபடி வீரருக்கோ, காவலர் தேர்வின் ஓட்டத்துக்காக விடியற்காலையில் வெறும் தேநீரோடு மைதானத்துக்குப் போகும் இளைஞருக்கோ அது பற்றாக்குறையாக முடியலாம்.

பற்றாக்குறை இருந்தால் பசி கூடித் தானாகச் சரிசெய்துகொள்ளாதா? இயல்பாக எழும் இந்தக் கேள்விக்கு விடை, கடும் பயிற்சி பசியைத் தற்காலிகமாக அடக்கிவிடுகிறது என்பதே. வேகமான ஓட்டத்தின்போது இரத்தம் குடலிலிருந்து தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பப்படுகிறது. வயிற்றிலிருந்து மூளைக்குப் பசியை அறிவிக்கும் கிரெலின் தாழ்கிறது. போதும் என்று சொல்லும் குடல் ஹார்மோன்கள் ஏறுகின்றன. 2022-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, பேய்லர் ஆய்வுக்குழுக்கள் இதில் இன்னொரு இழையைச் சேர்த்தன. கடும் உழைப்பில் உருவாகும் லாக்டேட், ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தோடு இணைந்து ஒரு சிறு மூலக்கூறாகிறது. பருத்த எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது அவை குறைவாக உண்டன. ஓடிய பந்தயக் குதிரைகளின் இரத்தத்திலும் மனிதர்களின் இரத்தத்திலும் அதே மூலக்கூறு எகிறியது. மெதுவாக நடந்தால் இந்த அடக்கம் அவ்வளவாக ஏற்படுவதில்லை. தீவிரம் கூடக் கூட அழுத்தம் கூடுகிறது. ஓரிரு மணி நேரத்தில் இது விலகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஓரிரு மணி நேரம் காலை உணவு வேளையாக இருந்து, அதன்பின் அலுவலகமோ கல்லூரியோ தொடர்ந்து, மாலையில் மறுபடி பயிற்சியும் வந்தால், ஒரு நாளின் இரண்டு உணவு வேளைகள் பசியின்மைக்குள்ளேயே கழிந்துவிடுகின்றன. இரவு பத்து மணிக்கு இனிப்புக்காக அலமாரியைத் திறக்க வைக்கும் பசி அப்போது வருகிறது. அது ஒழுக்கக் குறைவன்று, பகல் முழுதும் தள்ளிப்போடப்பட்ட கணக்கு.

அமெரிக்க உடலியங்கியலாளர் டேவிட் காஸ்டில் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்முன் காட்டுகிறது. கல்லூரி நீச்சல் வீரர்கள் 12 பேர் பத்து நாள்களுக்குத் தம் அன்றாடத் தூரத்தை ஏறத்தாழ 4.3 கிலோமீட்டரிலிருந்து 9 கிலோமீட்டராக இரட்டித்தார்கள். எட்டுப் பேர் தாக்குப்பிடித்தார்கள். நான்கு பேரால் முடியவில்லை. வேகத்தைக் குறைத்துத்தான் நீந்த முடிந்தது. அந்த நால்வரிடம் பயிற்சிக் குறையோ உடற்குறையோ இல்லை. அவர்கள் மாவுச்சத்தைக் குறைவாக உண்டிருந்தார்கள். தசைகள் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் வடிவமான கிளைகோஜனின் சேமிப்பு தாழ்ந்திருந்தது. ஒரே குளம், ஒரே சுமை. பிரித்தது சாப்பாடு. ஆஸ்திரேலியாவின் முன்னணித் துடுப்புப் படகு வீரர்களிடம் நான்கு வாரம் சுமையைக் கூட்டிப் பார்த்தபோதும், அவர்கள் உண்ணும் அளவு அதற்கேற்பக் கூடவில்லை. எடை இறங்கியது, ஓய்வில் உடல் எரிக்கும் ஆற்றலும் இறங்கியது.

இங்கே இன்னும் இருண்ட ஒரு சோதனையைக் குறிப்பிட்டாக வேண்டும். 1967-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே உணவு கிடைக்கும்படி செய்தார்கள். வெறும் கூண்டில் இருந்த எலிகள் சில நாள்களில் பழகி, அந்த ஒரு மணி நேரத்திலேயே வேண்டியதை உண்ணக் கற்றுக்கொண்டன. ஓடுசக்கரம் இருந்த கூண்டிலுள்ளவையோ நாளுக்கு நாள் அதிகம் ஓடின; உணவு வைத்தும் குறைவாக உண்டன; விட்டுவிட்டால் சாகும்வரை மெலிந்தன. பட்டினியும் ஓட்டமும் சேர்ந்தால் ஒன்றையொன்று தள்ளிவிடும் சுழல் மூளைக்குள்ளேயே இருக்கிறது என்பதே இதன் பொருள். உணவு தேடி அலையத் தூண்டும் பழைய விலங்கு உந்துதலாக இது இருக்கலாம் என்று கருதுகிறார்கள். பின்னர் 2000-இல், உடற்கொழுப்பு சுரக்கும் லெப்டின் ஹார்மோனை எலிகளுக்குக் கொடுத்தபோது இந்த வெறிபிடித்த ஓட்டம் அடங்கியது. மனிதன் எலியல்ல என்பது சரி. ஆனால் எடை குறையக் குறையப் பயிற்சியை இன்னும் கூட்டும், ஒரு நாள் ஓடாவிட்டால் நிலைகொள்ளாமல் தவிக்கும் ஒருவரைப் பார்க்கும்போது அதை வெறும் பிடிவாதம் என்று எண்ணிவிட முடியவில்லை.

லெப்டின்தான் இந்தக் கதையில் தூதர். உடலில் எவ்வளவு கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது என்பதையும், கடந்த சில நாள்களில் உணவு வரத்து எப்படி என்பதையும் ஹைப்போதலாமஸுக்குச் சொல்வது அது. உணவு குறைந்தால் கொழுப்பு கரைவதற்கு வெகுமுன்பே லெப்டின் சரிந்துவிடுகிறது. செய்தி கேட்ட ஹைப்போதலாமஸ், மாதக்கடைசியில் கையிருப்பு தீரும் வீட்டில் செய்வதைப் போல, உயிரைக் காக்கும் செலவுகளை வைத்துக்கொண்டு தள்ளிப்போடக்கூடியவற்றை வெட்டுகிறது. இனப்பெருக்கம் முதல் வெட்டு. தைராய்டின் செயல்வடிவ ஹார்மோன் தாழ்கிறது, கைகால் சில்லிடுகிறது, எலும்புக் கட்டுமானம் மந்தமாகிறது, பெண்களுக்கு மாதவிடாய் தவறுகிறது, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் பாலுணர்வும் குறைகின்றன. இது கற்பனையான விளக்கமன்று. கடும் பயிற்சியாலோ எடைக் குறைவாலோ மாதவிடாய் நின்றுபோன எட்டுப் பெண்களுக்கு பாஸ்டன் ஆய்வாளர்கள் செயற்கை லெப்டினை ஊசி வழியே கொடுத்தபோது, அவர்களில் மூவருக்குக் கருமுட்டை வெளிப்பட்டது. தைராய்டு, எலும்பு உருவாக்கக் குறியீடுகளும் உயர்ந்தன. 2004-இல் வெளியான அந்த ஆய்வில் அந்தப் பெண்கள் கூடுதலாக உண்ணவில்லை. கையிருப்பு இருக்கிறது என்ற பொய்ச் செய்தியை மூளைக்குக் கொடுத்ததே போதுமாக இருந்தது. அதை மருந்தாக்க முடியாததற்குக் காரணமும் அதிலேயே இருக்கிறது: லெப்டின் பசியை மேலும் அடக்கி எடையைக் குறைத்துவிடுகிறது.

எடைக் கருவி என்ன சொல்லும்? இங்கேதான் பெரும்பாலோர் தவறான சாட்சியை நம்புகிறார்கள். மிகைப்பயிற்சி என்றால் எடை குறைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதல் சில வாரங்களில் குறையலாம். பிறகு, மேலே சொன்ன வெட்டுகளால் ஓய்வுநேரச் செலவு தாழ்ந்து, களைப்பினால் பயிற்சிக்கு வெளியே உடல் அசைவதும் குறைந்து, வரவும் செலவும் ஒரு தாழ்ந்த மட்டத்தில் சமமாகிவிடும். எடை நிலையாக நிற்பதைப் பார்த்து 'போதுமான அளவு சாப்பிடுகிறேன்' என்று நினைப்பவர் உண்மையில் பாதி விளக்கை அணைத்துவிட்ட உடலோடு ஓடிக்கொண்டிருப்பார். தசை வீக்கத்திலும் அழற்சியிலும் தேங்கும் நீர், கரைந்த கொழுப்பை எடைக் கருவியிலிருந்து மறைத்துவிடுவதும் உண்டு. முன்பு சொன்ன பிரேசில் ஆய்வில், மிகைப்பயிற்சிக்கு உள்ளான வீரர்கள் நலமான வீரர்களைவிடக் குறைந்த கலோரியும் மாவுச்சத்தும் புரதமும் உண்டவர்கள். ஆனால் அவர்களுக்குத்தான் உடற்கொழுப்பின் விகிதம் அதிகமாகவும் தசை குறைவாகவும் இருந்தது. குறைவாக உண்டு, அதிகமாக உழைத்து, கொழுப்பு விகிதம் கூடுவது கேட்பதற்கு நியாயமில்லாததாகத் தோன்றும். தசையைக் கட்டும் ஹார்மோன்கள் தாழ்ந்த உடல், புரதம் போதாதபோது தசையையே உடைத்துச் செலவு செய்கிறது என்பதை நினைத்தால் விளங்கும்.

சுவீடனில் 2021-இல் நடந்த இன்னொரு ஆய்வு தசையின் உள்ளேயே எட்டிப்பார்த்தது. நலமான 11 பேர், கடும் முயற்சியும் சிறு ஓய்வும் மாறி மாறி வரும் தீவிர இடைவெளிப் பயிற்சியை வாரந்தோறும் கூட்டிக்கொண்டே போனார்கள். மிகக் கடுமையான வாரத்தின் முடிவில் தசைச் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறன் சரிந்திருந்தது. சர்க்கரை குடித்துப் பார்த்தபோது உடல் அதைக் கையாண்ட விதமும் மோசமடைந்திருந்தது. பயிற்சியைத் தணித்ததும் பெருமளவு மீண்டது. சர்க்கரை நோயைத் தடுக்கும் அதே பயிற்சி, அளவு மீறினால் தற்காலிகமாகவேனும் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது.

பற்றாக்குறை மூளைக்கு என்ன செய்யும் என்பதற்கு மிக விரிவான பதிவு போர்க்காலத்திலிருந்து வந்தது. 1944-இன் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வில் உடலியங்கியலாளர் ஆன்செல் கீஸ், மனமுவந்து முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் வாரந்தோறும் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டியிருந்தது. எடையில் கால் பங்கு கரைந்தது. ஓய்வில் உடல் எரிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. பேச்சும் கனவும் உணவாகவே மாறின. சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேகரித்தார்கள், உணவை மணிக்கணக்கில் கலந்து கலந்து உண்டார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள், எரிச்சலும் மனத்தளர்ச்சியும் கொண்டார்கள். மிகைப்பயிற்சியில் சிக்கிய ஓட்டக்காரரின் நாட்குறிப்பை இதனோடு வைத்துப் பார்த்தால் பல பக்கங்கள் ஒத்துப்போகும். பட்டினி முடிந்து தாராளமாக உணவு கிடைத்த பின்பும் பலருக்குப் பசி மாதக்கணக்கில் அடங்கவில்லை. கொழுப்பு பழைய அளவைத் தாண்டி ஏறியது. அமெரிக்கத் தரைப்படையின் ரேஞ்சர் பயிற்சியிலும் இதுவே நிகழ்ந்தது. எட்டு வாரம் குறைந்த உணவு, குறைந்த தூக்கம், ஓயாத நடை ஆகியவற்றுக்குப் பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழந்த வீரர்கள், பயிற்சி முடிந்த ஐந்து வாரத்தில் எடையை மீட்டார்கள். கொழுப்பு தொடக்கத்தைவிட அதிகமாக இருந்தது. இழந்த தசை முழுதாகத் திரும்பும்வரை மூளை பசியைத் தளர்த்துவதில்லை, கொழுப்போ அதற்கு முன்பே நிரம்பிவிடுகிறது என்பது இதற்கான ஏற்கத்தக்க விளக்கம். பயிற்சியை நிறுத்தியதும் 'ஊதிப்போனதாக' வருந்தும் முன்னாள் வீரர்கள் இதைத் தெரிந்துகொண்டால், உடனே மறுபடி உணவைக் குறைக்கும் தவற்றைத் தவிர்க்கலாம்.

விளையாட்டு உலகம் எடையை ஒரு தகுதிச் சான்றாக வைத்திருப்பது இந்தச் சிக்கலை முற்றவைக்கிறது. 2013-இல் பதினேழு வயதில் மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடிய அமெரிக்க வீராங்கனை மேரி கெய்ன், எடையைக் குறைக்கும்படி தனக்குத் தரப்பட்ட அழுத்தத்தில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றதையும் ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்ன பிறகுதான் பலர் வாய் திறந்தார்கள். நம் வீடுகளில் ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாய் தவறினால் அதைத் தொல்லை விட்டது என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. உண்மையில் அது ஹைப்போதலாமஸ் செலவைக் குறைத்துவிட்டதாக அனுப்பும் மிகத் தெளிவான அறிவிப்பு. ஆண்களுக்கு அப்படிக் கண்ணில் படும் அறிவிப்பு கிடையாது.

அப்படியானால் மிகைப்பயிற்சி என்று தனியாக ஒன்று இல்லையா, எல்லாமே குறையுணவுதானா? 2021-இல் வெளியான ஒரு மீளாய்வு, பயிற்சிச் சுமையைக் கூட்டிய பழைய ஆய்வுகளைத் திரும்பப் புரட்டி, உணவைப் பற்றிய தகவல் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றில் ஆற்றலோ மாவுச்சத்தோ குறைந்திருந்ததற்கான அறிகுறிகளைக் கண்டது. மிகைப்பயிற்சி என்று பெயரிட்டதில் பெரும்பகுதி உண்மையில் குறையுணவாக இருந்திருக்கலாம் என்பதே அதன் வாதம். இந்த வாதத்தின் பக்கமே நான் சாய்கிறேன். 1980-களில் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தய வீரர்களை நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்தபோது அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 5,900 கிலோ கலோரி உண்டு, மூன்று வாரமும் எடையை ஏறத்தாழ அப்படியே வைத்திருந்தார்கள். மனித உடல் பெருஞ்சுமையைத் தாங்கும், சோறு போட்டால். ஆனாலும் எல்லாவற்றையும் உணவின் மீது ஏற்றிவிட முடியாது. தூக்கமின்மை, தேர்வுக் காலம், வேலை நெருக்கடி, ஆறாத காய்ச்சலோடு ஓடுவது, மாதக்கணக்கில் மாறாத ஒரே பயிற்சி ஆகியவையும் அதே ஹைப்போதலாமஸின் கதவைத்தான் தட்டுகின்றன. நன்றாக உண்டும் துவண்டுபோனவர்கள் இருக்கிறார்கள்.

மீட்சியின் வரிசை ஓரளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. உணவு கூடிய சில நாள்களிலேயே மனநிலையும் தூக்கமும் அசையத் தொடங்கும். ஹார்மோன்கள் நேராக வாரங்கள் ஆகும். மாதவிடாய் திரும்ப மாதங்கள் ஆகலாம். பசி திரும்பும்வரை காத்திருந்து உண்பது இங்கே உதவாது. பசியே பழுதான கருவி என்பதால் கடிகாரத்தைப் பார்த்து உண்ண வேண்டியிருக்கிறது: பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், மெல்ல மனமில்லாவிட்டால் குடித்தாவது. 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாதவிடாய் ஒழுங்கற்றிருந்த பெண்கள் தம் உடற்பயிற்சியை விடாமலே ஓராண்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 330 கிலோ கலோரி கூடுதலாக உண்டார்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடும். உணவைக் கூட்டாதவர்களைவிட அவர்களுக்கு மாதவிடாய் திரும்பும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. எடையில் ஏறியது சில கிலோ மட்டுமே. எலும்பின் அடர்த்தி மட்டும் அந்தப் பன்னிரண்டு மாதங்களில் கூடவில்லை.